ஆசாரக்கோவையின் முதலும் முடிவும்

பதினெண்கீழ்க்கணக்கு எனத் தொகுக்கப்பட்ட நூல்களுள் ஆசாரக்கோவை பெயரளவிற் பலராலும் அறியப்பட்டு, முழுதும் ஓதினார் சிலராகவே நிற்பது. இதனை இயற்றியவர் கயத்தூர்ப் பெருவாயின் முள்ளியார். முப்புரம் எரித்த முதல்வன் திருவடியை ஏத்தி இவர் நூல் செய்தார் என்றும், முனிவர் வழக்கினின்று தாம் அறிந்த அளவிற் பொருளைத் தொகுத்தார் என்றும், யாவரும் அறிதற்பொருட்டே தொகுத்தார் என்றும் சிறப்புப்பாயிரம் கூறும். ஆகவே ஆசிரியர் சிவநெறியினர் என்பதும், நூற்பொருள் வடமொழி மிருதிகளோடு உறவுடையது என்பதும் ஒருங்கே பெறப்படும். பாயிரம் நீங்கலாகப் பாட்டுக்கள் 100. குறள்வெண்பா முதற் பஃறொடை வெண்பா ஈறாக அவை அளவில் வேறுபட்டு வரும்.

இந்நூலை அணுகுவார் இருதிறத்தர். ஒருசாரார் இதனை விதிநூலாகவே கொண்டு, ஓரெழுத்தும் பிசகாது ஒழுகற்பாலது என்பர். மற்றொருசாரார், எச்சிலையும் மலசலத்தையும் பல் துலக்குதலையும் படுக்குந் திசையையும் பாடுதற்கு வெண்பா எதற்கு என்று நகைத்து நூலை மூடி வைப்பர். இவ்விருசாராரும் செய்யும் பிழை ஒன்றே. நூலின் இடைப்பகுதியை மட்டும் எடுத்துக்கொண்டு, அதன் முதற்பாட்டையும் இறுதிப்பாட்டையும் இருவரும் கைவிடுகின்றனர். முள்ளியார் தம் நூலை அளத்தற்குரிய கோலைத் தாமே முதலிலும் முடிவிலும் வைத்துப் போயினார் என்பது அவ்விரண்டையும் ஒருங்குவைத்து நோக்கினார்க்குப் புலனாகும்.

இடைப்பகுதியை முதற்கண் ஆராய்தல் தகும். நகைப்பார் நகைத்தற்கு எடுப்பதும் அதனையே யன்றோ? நீராடுங்கால் நீந்துதலும் உமிழ்தலும் விளையாடுதலும் ஆகா என்கின்றார் ஆசிரியர். உடுத்த ஆடையை நீர்நிலையினுள்ளே பிழியலாகாது என்கின்றார். புல்வெளியிலும், பயிரிலும், வழியிலும், தீர்த்தத்திலும், தேவகோட்டத்திலும், மர நிழலிலும், ஆனிரை தங்குமிடத்திலும் மலசலம் கழித்தலை விலக்குகின்றார். இவற்றை வெறுந் தூய்மை விதிகள் என்று கொண்டு கடந்துபோதல் எளிது. ஆயின் விலக்கப்பட்ட இடங்களை ஒன்றோடொன்று வைத்து நோக்குக. குளம் ஊர்க்கெல்லாம் பொது. தனக்குப் பின்னே அந்நீரை முகக்க வருவான் ஒருவன் உளன். வழியிற் பின்னே நடப்பான் ஒருவன் உளன். நிழலிற் பின்னே வந்து அமர்ந்து இளைப்பாறுவான் ஒருவன் உளன். பயிரில் இறங்கிக் களைபறிப்பாள் ஒருத்தி உளள். இவ்விதிகள் தன் மெய்யின் தூய்மையைக் கருதியனவாக மட்டும் நின்றொழியாமல், கண்ணிற்குத் தோன்றாது பின்னே வரும் ஒருவனை முன்னிட்டு எழுந்தனவாகவும் நிற்றல் காணலாம். பிறர் அணிந்த செருப்பைத் தான் அணியலாகாது என்பதும், பெரியோரோடு உண்ணுங்கால் அவர்க்கு முன் உண்ணத் தொடங்கலும் முன் எழுதலும் ஆகா என்பதும் இவ்வினத்தனவே.

உணவு பற்றிய பாட்டுக்களுள் ஒன்று தனித்து நோக்கத்தக்கது. விருந்தினரும் முதியோரும் சிறுவரும் மட்டுமன்றி ஆவும் பறவையும் உண்டபின்னரே நல்லொழுக்கமுடையார் தாம் உண்பர் என்பது அதன் கருத்து. இலையின்முன் அமருமுன் எத்தனை வாய்கள் தன்னை நோக்கியுள்ளன என்று எண்ணிப்பார்க்குமாறு இல்வாழ்வானைப் பணிக்கும் பாட்டு இது. சொல்லைப் பற்றியும் முள்ளியார் விரித்துரைக்கின்றார். விரைந்து பேசாமையும், சொன்னதையே மேன்மேலுஞ் சொல்லாமையும், பொய்யைப் பரப்பாமையும், சில சொற்களாற் பொருள் முழுதும் அடங்கக் காலமறிந்து கூறுதலும் அவர் காட்டும் சொல்லாசாரம். அவைகளிற் பேச எழுவார் பலர் இப்பாட்டை நெட்டுருச்செய்தல் நன்று.

கிழக்கு நோக்கி உண்ணல், வடக்கே தலைவைத்துப் படாமை என்றாற்போலத் திசை பற்றி வருவனவும், இன்ன நாளில் ஓதலாகாது என்றாற்போல நாள் பற்றி வருவனவும் நூலிற் பல. அவற்றைக் கொள்வார் கொள்க, விடுவார் விடுக. அவை யார்க்கும் தீங்கு செய்வன அல்ல.

சிறிய செய்கைகளைப் பேசுதலான் நூல் சிறுமையுறும் என்பார்க்கு ஆறுமுக நாவலர் அவர்களின் சைவ வினாவிடையே விடையாகும். அதன் இரண்டாம் புத்தகம் விடியற்குமுன் துயிலெழுதல், சௌசம், தந்தசுத்தி, ஸ்நானம், போசனம் ஆகியவற்றை வினாவும் விடையுமாக நுணுகி உரைக்கின்றது. திருக்கோயிலினுட் செய்யத் தகுவன இவை, தகாதன இவை என்று எண்ணிக் காட்டுகின்றது. இத்துணை நுணுக்கமாக ஒழுகலாற்றைப் பேசிய அந்நூல், அன்பியல் என்னும் பகுதியிற் சென்று முடிகின்றது. எங்கே முடிகின்றது என்பது ஒழுக்க நூல்களிற் சிறியதொரு செய்தியன்று.

இனி, மிருதிகளோடு இந்நூலுக்குள்ள உறவைப் பற்றிச் சிறிது கூறவேண்டும். மனுநூலே முள்ளியார்க்கு மூலம் என்று துணிதற்கில்லை. அவர் காலத்து வழங்கிய பிற நூல்களும் பல. ஆயினும் ஒப்புநோக்கற்கு மனுநூல் உதவும். தாயே ஆயினும், மகளே ஆயினும், உடன்பிறந்தாளே ஆயினும் ஒருவன் தனித்து உடனிருத்தல் தகாது என்னும் ஆசாரக்கோவைப் பாட்டின் கருத்து மனுநூலின் இரண்டாம் அத்தியாயத்திலும் அவ்வாறே உளது. இக்காலத்தார் செவிக்கு மிகக் கடிதாக ஒலிக்கும் இவ்விதியை முள்ளியார் ஏதும் மாற்றிற்றிலர். அதே அத்தியாயத்தில், வழியிற் போவான் எவரெவர்க்கு ஒதுங்கி வழிவிடல் வேண்டும் என்று ஒரு சுலோகம் கூறும். தேரூர்வான், தொண்ணூறு கடந்த முதியோன், நோயாளி, சுமைசுமப்பான், பெண், கல்வி முடித்து மீண்ட பிரமசாரி, அரசன், மணமகன் என எண்மர் அதில் எண்ணப்படுவர். முள்ளியாரும் இப்பொருளில் ஒரு பாட்டுச் செய்துள்ளார். அவர் எண்ணுவோரும் எண்மரே: பார்ப்பார், தவத்தோர், சுமை தாங்கினார், பிணியுற்றார், முதியோர், இளையோர், ஆக்கள், மகளிர்.

இரண்டு நிரல்களையும் பக்கத்திற் பக்கம் வைத்துக் காண்க. தேரில் வருவோனும் அரசனும் தமிழ்ப்பாட்டில் இல்லை. அவர்கள் நின்ற இடத்திற் குழந்தையும் ஆவும் தவத்தோரும் வந்து நிற்கின்றனர். சுமைகாரன் வடநூலிலும் உளன், தமிழ்நூலிலும் உளன். ஆதலின், ஆசாரக்கோவையில் நல்லனவெல்லாம் தமிழர் வழக்கு, அல்லனவெல்லாம் ஆரியர் வழக்கு என்று பிரித்துக் கூறும் எளிய முடிவு இங்கே செல்லாது. தலைமேற் பாரத்தோடு வருவானுக்கு ஒதுங்கி நில் என்ற அருள் இருமொழிக்கும் பொது. வழியில் அரசனை எண்ணாது விட்டது முள்ளியார் நூலிற் காணும் வேறுபாடு. அவ்வேறுபாடு அவர் தாமே செய்ததாயினும், அவர் கண்ட மூலத்திலிருந்ததாயினும், நூலின் நோக்கத்தோடு அது பொருந்தி நிற்றல் வெளிப்படை.

இவ்வளவும் நூலின் செம்மைக்குச் சான்று. ஆயினும் மறைத்தற்கியலாத ஒரு பாட்டும் இந்நூலில் உளது. ஐயுறாது நீராடவேண்டிய பத்து நிலைகளை ஆசிரியர் ஒரு பாட்டில் வகுக்கின்றார். தேவர் வழிபாடு, தீய கனவு, தீட்டு, உண்டது கக்கல், மயிர்களைதல், உண்ணும்பொழுது, விடியுமளவும் துயிலல், புணர்ச்சி, மலசலங் கழித்தல் ஆகியவற்றோடு, கீழ்மக்கள் மெய்யிற் படுதலும் அங்கே ஒன்றாக எண்ணப்படுகின்றது. மனிதன் மெய் மனிதன்மேற் படுதல், கக்கிய சோற்றோடும் களைந்த மயிரோடும் ஒரு நிரலில் நிற்கின்றது.

நூலின்மேல் அன்புடையார் சிலர், ஈண்டுக் கீழ்மக்கள் என்றது குணத்தாற் கீழாயினாரை, பிறப்பாற் கீழாயினாரை அன்று என்று கொண்டு இதற்கு அமைதி கூறக்கூடும். கயவரைக் கீழ் என்று சுட்டும் வழக்கு நீதிநூல்களில் உண்மை என்பது அதற்கு அவர் காட்டத்தகும் ஏது. அவர்தம் அன்பு பாராட்டற்குரியது, உரை பொருந்தாது. என்னை? குணத்தாற் கீழானவனோடு கூடுதலால் வருந் தீங்கு உள்ளத்தைப் பற்றியது. அது குளத்து நீரான் நீங்குமெனின், கயவர் நட்புக் கொள்வார்க்கு ஒரு முழுக்கே கழுவாயாய் முடியும். தீயார் கூட்டத்தை விலக்கி எழுந்த பாட்டுக்களெல்லாம் வெற்றெனத் தொடுத்தனவாகும். அன்றியும் பாட்டு எண்ணும் பத்தும் உடம்பிற்கு நேர்வனவும் உடம்பாற் செய்வனவுமாக நிற்க, இடையே ஒன்றனை மட்டும் உள்ளத்தின்மேல் ஏற்றுதல் உரைநெறி ஆகாது. ஆசிரியர் சொல்லியது பிறப்பையே என்று ஒத்துக்கொள்ளலே நேர்மை. இத்தகைய எண்ணம் குளத்தையும் தெருவையும் கோயிலையும் எத்தனை நூற்றாண்டு அடைத்து வைத்தது என்பதைத் தமிழ்நாட்டார்க்கு எடுத்துரைக்க வேண்டுவதில்லை. 1950-இல் நடைமுறைக்கு வந்த இந்திய அரசமைப்பின் 17-ஆம் உறுப்புத் தீண்டாமையை ஒழித்தது. சட்டம் ஒழித்த ஒன்றை உரையால் மறைத்துக் காக்கும் தொழில் திறனாய்வினது அன்று.

அற்றேல் நூலைத் தள்ளிவிடுதல்தானே முறை என்று வினவுவார்க்கு, முதற்பாட்டைக் காட்டுதல் வேண்டும். ஒழுக்கத்திற்கு வித்து எவை என்று ஆசிரியர் அங்கே கூறுகின்றார். பிறர் செய்த நன்மையை அறிதல், பொறுமை, இனிய மொழி, எவ்வுயிர்க்கும் துன்பம் இழையாமை, கல்வி, உலகநடை அறிந்து உதவுதல், அறிவு, நல்லோரோடு கேண்மை என எட்டு. இவ்வெட்டினுள் நீராடல் இல்லை, திசையில்லை, நாளில்லை, பிறப்பும் இல்லை. இரண்டாம் பாட்டில், ஒழுக்கங் காத்தார் அடையும் பயன்களை எண்ணுங்காலே நற்குடிப்பிறப்பு வருகின்றது. பிறப்பு முள்ளியார்க்கு ஒழுக்கத்தின் விளைவேயன்றி வித்தன்று. கல்வி ஒன்றே இரண்டு நிரலிலும் இடம்பெறுதலும் காண்க. விதைத்த நெல் நெல்லாகவே மீள்வதுபோலக் கல்வி கல்வியாகவே மீள்கின்றது போலும்.

வித்து என்ற உருவகத்தை ஆசிரியர் அணிக்காக மட்டும் எடுத்தாண்டார் என்று கொள்ள வேண்டா. பின்வரும் விதிகளெல்லாம் அவ்வித்தினின்று முளைப்பன என்பது அதன் பொருள். அங்ஙனமாயின், எவ்விதி அவ்வெட்டனுள் ஒன்றினின்று முளைத்ததோ அஃது ஆசாரம். எவ்விதி அவற்றோடு மாறுகொள்கின்றதோ அது நிலத்திற் கிடந்த வேற்று விதையின் முளை. சுமைகாரனுக்கு வழிவிடல் எவ்வுயிர்க்கும் துன்பஞ்செய்யாமையினின்று முளைத்தது. பொதுநீரிற் பிழியாமை உலகநடை அறிந்து உதவுதலினின்று முளைத்தது. ஒரு மனிதன் மெய்பட்டது கண்டு அவன் எதிரிலேயே நீரில் முழுகுதல் எதனின்று முளைத்தது? இன்சொல்லினின்றா? பொறுமையினின்றா? அவனுக்கு அதனினும் பெரிய துன்பம் ஒன்று இழைத்தல் அரிது. இப்பாட்டைத் தள்ளுதற்குப் புதுக்கால அறிவைக் கடன்வாங்க வேண்டுவதில்லை. முள்ளியாரின் முதற்பாட்டே அதனைத் தள்ளும்.

இறுதிப்பாட்டு இதனினும் வியப்புடையது. 99 பாட்டுக்களால் இன்னது செய்க, இன்னது செய்யற்க என்று விதித்துவந்த ஆசிரியர், 100-ஆம் பாட்டில், இவ்விதிகளினின்று விடுதலை பெற்றார் ஒன்பதின்மர் என்று எண்ணி நூலை முடிக்கின்றார். நாட்டு வழக்கறியாத அயல்நாட்டான், ஆதுலன், முதியோன், சிறுவன், உயிரிழந்தான், அச்சமுற்றான், உண்டுகொண்டிருப்பான், அரசன் ஏவிய தொழிலை மேற்கொண்டான், மணமகன் என்போர் அவ்வொன்பதின்மர். உயிரிழந்தவனையும் உடனெண்ணியது நகைப்பிற்கிடமாகத் தோன்றலாம். பிணத்தின்மேலும் விதிகளை ஏற்றிச் சண்டையிடும் உலகியலை அறிந்தார் நகார்.

ஆதுலன் என்னுஞ் சொற்கு வறியோன் என்று பொருளுரைத்தலும் உண்டு. பிணியாளன் என்றலும் உண்டு. ஆதுரன் என்னும் வடசொல் நோயுற்றானைக் குறிக்கும். 11-ஆம் நூற்றாண்டில் வீரராசேந்திர சோழன் காலத்துத் திருமுக்கூடற் கல்வெட்டு, நோயாளர்க்கு 15 கிடக்கை அமைத்த மருத்துவ நிலையத்தை ஆதுலசாலை என்றே வழங்குகின்றது. ஆதலின் ஈண்டும் பிணியாளன் என்ற பொருள் வலியுடைத்து. வறியோன் என்று கொண்டாலும் பாட்டின் கருத்துக் கெடாது. இரண்டாடை இல்லாதானை ஓராடையோடு உண்ணற்க என்று கூறுதல் யாங்ஙனம்?

இந்நிரலின் இயல்பை உற்றுநோக்குக. பிறப்பாற் சிறந்தோன் என்பதற்காக விடுதலை பெற்றான் ஒருவனும் இதில் இல்லை. அந்தணன் இல்லை, செல்வன் இல்லை, அரசன்றானும் இல்லை, அவன் பணியை ஏற்று ஓடுவோனே உளன். ஒன்பதின்மரும் நிலைபற்றி எண்ணப்பட்டாரேயன்றிக் குலம்பற்றி எண்ணப்பட்டாரல்லர். நோயும் மூப்பும் அச்சமும் அறியாமையும் எவர்க்கும் வருவன. வந்தவிடத்து விதி தானே அகன்று நிற்கின்றது. அங்ஙனம் அகன்றமையைக் குறிக்க ஆசிரியர் ஆண்ட சொல் வீடு என்பது. விடுதல் என்னும் பொதுப்பொருளே அங்கு உளதாயினும், சிவன் அடியேத்தி நூல்தொடங்கிய ஒருவர் தம் நூலின் இறுதியில் இச்சொல்லை வைத்தது சைவர் செவிக்கு வெறிதே ஒலியாது.

இப்பாட்டின் ஆற்றலை அறிதற்குப் பெரியபுராணத்துத் திருநீலநக்க நாயனார் வரலாறு பெரிதும் துணைசெய்யும். ஆசாரத்தையும் அன்பையும் எதிர்நிறுத்திப் பேசுவார் கண்ணப்பர் வரலாற்றையே எடுப்பர். அவர் வேடர், ஆசாரம் இன்னதென்று அறியாதவர், வழக்கறியாத அயலான் என்ற ஒன்றானே முள்ளியார் அவரை விட்டுவிடுவர். நீலநக்கரோ ஆசாரத்துள்ளேயே பிறந்து வளர்ந்த அந்தணர். திருச்சாத்தமங்கை அயவந்தியில் ஒரு திருவாதிரை நாளில் அவர் பூசைமுடித்துத் திருவைந்தெழுத்தைக் கணித்திருந்தபொழுது, ஒரு சிலந்தி மேலிருந்து சிவலிங்கத் திருமேனியில் வீழ்ந்தது. அயலே நின்ற மனைவியார், இளங்குழந்தையின்மேல் வீழ்ந்தாற்போல அச்சமுற்று விரைந்து வாயால் ஊதி அதனைப் போக்கினார். எச்சில் திருமேனியிற் பட்டது என்று நாயனார் கண்புதைத்தார். அப்பொழுதே மனைவியாரைத் துறந்தார். அன்றிரவு அம்மையார் கோயிலிலேயே தங்கினார். வீட்டில் துயின்ற நாயனார்க்கு இறைவன் கனவிலே தன் திருமேனியைக் காட்டியருளினான். ஊதிய இடம் ஒழிய எஞ்சிய இடமெல்லாம் சிலந்தியாற் கொப்புளித்திருந்தது.

அம்மையார் செய்தது ஆசாரப் பிழை என்று நாயனார் எண்ணினார். ஆனால் சேக்கிழார் அவர்மேல் ஏற்றிக் கூறுவது அச்சம். அச்சமுற்றார் ஆசாரத்தினின்று விடுபட்டார் என்பது ஆசாரம் கூறும் நூலின் இறுதிப்பாட்டு. அங்ஙனமாயின் கனவு வருமுன்னரே, முள்ளியார் நூலை முற்ற ஓதினார் எவரும் அவ்வம்மையாரைக் குற்றமிலர் என்று தீர்த்திருப்பர். இடைப்பாட்டுக்களோடு நின்றாரே அவரைத் துறப்பர். விடிந்ததும் நாயனார் தாமே சென்று மனைவியாரை அழைத்துவந்தார். பின்னும் அவர் பூசையை விட்டாரல்லர்.

அவர் இல்லத்திற்குத் திருஞானசம்பந்தப் பிள்ளையார் எழுந்தருளியபொழுது நிகழ்ந்ததும், நீராடற்குரிய பத்தனுள் ஒன்றாக முள்ளியார் எண்ணிய அதனையே பற்றியது. பிள்ளையாரோடு வந்த அடியார் கூட்டத்தில், அந்நாள் உலகம் கீழென வைத்த பாணர் குலத்துத் திருநீலகண்ட யாழ்ப்பாணரும் அவர்தம் மனைவியாரும் இருந்தனர். அன்றிரவு அவர்கள் தங்குதற்கு இடமளிக்குமாறு பிள்ளையார் பணித்தார். நாயனார் மகிழ்ந்து, திண்ணையிலன்று, மனைநடுவே வேள்வித்தீ வளர்க்கும் வேதியின் பக்கத்தில் அவர்களுக்கு இடங்கொடுத்தார். இடையறாது காக்கப்பட்டுவந்த அத்தீ, அவர்கள் அமர்ந்தபின் வலப்பக்கமாகத் திரும்பி முன்னையினும் உயர்ந்து எரிந்தது என்று கூறுகின்றார் சேக்கிழார்.